பால் சட்டிகளை ஒளித்து வைக்கும் அம்மா: எப்போது தலையிடுவது?

கரிசல்காட்டான் | சனிக்கிழமை, இரவு 10.15

அம்மாவுக்கு 77 வயது. கோவில்பட்டி பக்கம் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். அப்பா தவறி நான்கு வருடம் ஆகிறது. நான் சென்னையில், தங்கை ஓசூரில். தினமும் இரவு எட்டு மணிக்குப் போன் செய்வேன். "சாப்பிட்டாயா ஐயா? அங்கே மழை உண்டா? எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்." மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த மூன்று நிமிடத்தை நம்பித்தான் நான்கு வருடமாக நிம்மதியாகத் தூங்கினேன்.

பொங்கலுக்குப் போயிருந்தேன். பித்தளைப் பானையை எடுக்க மாடிப்படிக்கு அடியில் கையை விட்டால், சாக்குகளுக்குப் பின்னால் பழைய சேலையில் சுற்றிய ஒரு மூட்டை. அவிழ்த்துப் பார்த்தேன். மூன்று பால் சட்டிகள். மூன்றும் அடிபிடித்துக் கருகியவை. ஒன்றில் அடிப்பாகமே உப்பிப் புடைத்திருந்தது. வெறும் சட்டி எவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்ததோ! அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. திரும்பச் சுற்றி அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் உறுத்தியது. அலமாரியில் துவரம் பருப்புப் பாக்கெட் ஏழு. உப்பு ஒரு பிடிகூட இல்லை. மளிகைக் கடைத் தம்பி, "அம்மா வாராவாரம் பருப்பு வாங்குகிறார்களே அண்ணே, வீட்டில் ஏதும் விசேஷமா?" என்று கேட்டான். நான் அனுப்பிய சர்க்கரை மாத்திரை அட்டைகளில் ஐந்து பிரிக்கப்படவே இல்லை. ஆனால் அதே மாத்திரை, உள்ளூர்க் கடையில் வாங்கியது, பாதி தீர்ந்த நிலையில் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. கார்த்திகை மாதம் கரண்டுக்குப் பணம் கட்டாததால் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள், பக்கத்து வீட்டுப் பையன்தான் பணம் கட்டியிருக்கிறான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இத்தனைக்கும் பேச்சில் ஒரு குறையும் இல்லை. என் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்று வரிசையாகச் சொல்கிறாள். புளிக்குழம்பு அதே ருசி. தங்கை, "வயதானால் அப்படித்தான், நீ ஒரு நாள் பார்த்துவிட்டுப் பதறாதே" என்கிறாள்.

இது வயதின் மறதியா, நோயா? எந்தக் கட்டத்தில் "இனி தனியாக விடக் கூடாது" என்று முடிவெடுத்தீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தாமிரபரணிக்கரை | சனிக்கிழமை, இரவு 10.40

எல்லார் வீட்டிலும் பால் தீய்கிறது. நான் 41 வயதில் வாரம் ஒரு முறை தீய்க்கிறேன். பெரிதுபடுத்தினால் அவர்களுக்கே தன்மேல் நம்பிக்கை போய்விடும்.

வெள்ளைச்சீருடை | ஞாயிறு, காலை 6.05

நான் அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தாமிரபரணிக்கரைக்கு முதலில்: பால் தீய்வது எல்லார் வீட்டிலும் நடக்கும். தீய்ந்த சட்டியைச் சேலையில் சுற்றி ஒளித்து வைப்பது எல்லார் வீட்டிலும் நடக்காது. தனக்கு ஏதோ ஆகிறது என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்கிறது, கரிசல்காட்டான் தம்பி. உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஒளிக்கிறார்.

முதுமையில் கைவிட்டுப் போகிற வேலைகளுக்குப் பெரும்பாலும் ஒரு வரிசை உண்டு. 1963இல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும், இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைக் கவனித்து ஆறு வேலைகளைக் குறித்து வைத்தார்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, எழுந்து இடம் மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. குழந்தை முதலில் கற்றுக்கொள்வது கடைசியில்தான் போகும். தானே சோற்றை எடுத்து உண்பது கடைசிவரை நிற்கும். குளியல்தான் முதலில் தடுமாறும். ஆனால் இந்த ஆறுக்கும் முன்னாலேயே சறுக்குகிறவை வேறு: பணம் கட்டுவது, மாத்திரையைச் சரியாகப் போடுவது, கடைக்குப் போய்வருவது, சமைப்பது. 1969இல் லாட்டன் என்பவர் தயாரித்த பட்டியலில் இவை இருக்கின்றன. நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கரண்டு, மாத்திரை, பருப்பு, பால். நான்கும் அந்தப் பட்டியலில் உள்ளவை. மொய்க்கணக்கு பழைய நினைவு. அது இருப்பதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

ஆனால் உடனே மறதி நோய் என்று முத்திரை குத்தாதீர்கள். என் வார்டில் "புத்தி பேதலித்துவிட்டது" என்று கொண்டுவந்த பாட்டிகளில் பலர் ஒரு வாரத்தில் தெளிந்து, கொண்டுவந்தவர்களையே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ரத்தத்தில் சோடியம் குறைந்தால் தடுமாற்றம் வரும்; பி.பி.க்குக் கொடுக்கும் நீர் மாத்திரையால் அது குறைவது சாதாரணம். சிறுநீர்க் கிருமி, தைராய்டு, பல வருடம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போடுவதால் குறையும் வைட்டமின் பி12, தூக்க மாத்திரை, எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் மெதுவாகக் கசிந்த ரத்தம் என்று எத்தனையோ உண்டு. துணையை இழந்த துக்கமும் மறதி போலவே தெரியும். காது மந்தமும் அப்படித்தான். இவற்றை எல்லாம் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, மிக முக்கியம். ஐந்து அட்டை மீதி இருக்கிறதே என்று பதறி, நாளையிலிருந்து எல்லா மாத்திரையையும் ஒழுங்காகக் கொடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். சர்க்கரை குறையவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டியிருப்பார். உங்கள் அம்மா சரியாகப் போடவே இல்லை என்பது டாக்டருக்குத் தெரியாது. திடீரென்று முழு அளவும் உள்ளே போனால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். மீதியிருக்கும் அட்டைகளை ஒரு பையில் போட்டு அப்படியே டாக்டர் மேஜையில் கொட்டுங்கள்.

இரண்டாம்மருமகள் | ஞாயிறு, காலை 11.20

மகன்கள் பொங்கலுக்கு வந்து கண்டுபிடிப்பார்கள். வீட்டிலேயே இருக்கும் மருமகள் மூன்று வருடம் முன்பே சொல்லியிருப்பாள். "என் அம்மாவைக் குறை சொல்கிறாயா?" என்று அவள் வாயை அடைத்திருப்பார்கள். கோபத்தில் எழுதவில்லை, கரிசல்காட்டான். சரி, கொஞ்சம் கோபத்தில்தான்.

என் மாமியார் கொசுவம் வைத்துக் கட்டுவதில் ஊரிலேயே பேர் வாங்கியவர். ஒவ்வொரு மடிப்பும் விரலளவு. அவர் ஒரு சித்திரையில் வீட்டில் நைட்டிக்கு மாறினார். "வெக்கை" என்றார். ஐப்பசி அடைமழையிலும் நைட்டிதான். பிறகுதான் புரிந்தது, மடிப்பைப் பிடித்துச் செருகும் வரைக்கும் விரல் நிற்கவில்லை. ரவிக்கைக் கொக்கி மாட்டவும் வரவில்லை. வெள்ளிக்கிழமைக் கோவில் நின்றது. "சாமி வீட்டிலும் இருக்கிறது" என்றார். உண்மை என்னவென்றால், கோவில் போய்த் திரும்பும் ஒன்றரை மணி நேரம் சிறுநீரை அடக்க முடியவில்லை. அதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருவதில்லை. "அத்தைக்கு இப்போது யாரையும் பிடிப்பதில்லை" என்று உறவில் பேச்சு. யாரைப் பிடிக்காமல் போனது? கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியாத இடத்துக்குப் போகப் பயம், அவ்வளவுதான்.

ஆகவே, நெடுநாள் பழக்கம் ஒன்றை விட்டார்கள் என்றால் அவர்கள் சொல்லும் காரணத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் அவருடைய துணிகளைத் துவைக்கும்போது ஈரமான உள்பாவாடைகள் பீரோவுக்குப் பின்னால் கிடந்தன. உங்கள் வீட்டில் சட்டி, எங்கள் வீட்டில் பாவாடை.

பழையசைக்கிள் | ஞாயிறு, மாலை 4.10

என் அப்பா கதை வேறு. நினைவு பளிச்சென்று இருக்கும். பேங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று இரண்டு முறை செக்கைத் திருப்பிவிட்டார்கள். அப்பா பேங்க் மேனேஜரைத் திட்டினார், நானும் சேர்ந்து திட்டினேன். நவம்பரில் பென்ஷனுக்கு வாழ்நாள் சான்று கொடுக்கப் போனபோது கைரேகையும் ஏறவில்லை. அது வயதானவர்கள் பலருக்கும் நடப்பதுதான். முகத்தைப் படம் பிடித்து முடித்தார்கள். ஆனால் அன்று படிவத்தில் அவர் பெயரை எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் எழுத்து மணியாக இருந்தது. போகப் போகச் சிறுத்து, கடைசி எழுத்து எறும்பு போல ஆகிவிட்டது. நரம்பு மருத்துவரிடம் போனோம். பார்க்கின்சன் என்ற நரம்பு நோய். கை நடுக்கமே அப்போது கிடையாது.

இன்னொரு தடயம் அவருடைய மொபெட். இடது பக்கம் முழுக்கக் கீறல். நிறுத்தும்போது கேட்டில் உரசியிருக்கிறது. வண்டி, செக், படிவம் இவை பொய் சொல்லாது.

தாமிரபரணிக்கரை | ஞாயிறு, மாலை 4.35

பேங்க்காரர்களை நான் இன்னமும் திட்டுவேன். மற்றபடி, என் முதல் பதிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நாளைக்கு அம்மாவுக்குப் பேசும்போது பருப்பு எத்தனை பாக்கெட் என்று கேட்கப் போகிறேன்.

எலும்பும்தசையும் | ஞாயிறு, இரவு 9.00

ஈரோட்டில் இயன்முறை மருத்துவர். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது நான் முதலில் நோயாளியைப் பார்ப்பதில்லை, சுவரைப் பார்ப்பேன். கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில், இடுப்புக்குச் சற்று மேலே, சுண்ணாம்புச் சுவரில் ஒரு அழுக்குக் கோடு ஓடும். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு வந்த கோடு. பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று அர்த்தம். நிலைப்படி ஓரத்தில் கோடு அடர்த்தியாக இருந்தால், அங்கே நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் காலைத் தூக்குகிறார். "நான் எதையும் பிடிக்காமல்தான் நடக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இதைப் பார்க்கலாம். விழுந்ததைச் சொல்ல மாட்டார்கள். முழங்கையில் காய்ந்த சிராய்ப்பு சொல்லிவிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை: கைப்பிடி வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். வழக்கமான நடைதான், அவசரப்படுத்தக் கூடாது. 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது. நேரத்தைவிட, திரும்பும் இடத்தைக் கவனியுங்கள். குட்டிக் குட்டியாக ஐந்தாறு எட்டு வைத்துத் திரும்பினால் நான் அன்றைக்கே குளியலறையில் கைப்பிடிக் கம்பி போடச் சொல்வேன். கம்பி சுவரில் திருகியதாக இருக்க வேண்டும். துண்டு போடும் கம்பி ஆளின் கனத்தைத் தாங்காது. அதைப் பிடித்து விழுந்தவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

மேகக்கணினி | ஞாயிறு, இரவு 9.25

இவ்வளவு யோசிப்பானேன்? சமையலறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று, கட்டிலருகே ஒன்று என்று கேமரா வைத்துவிடுங்கள். போனிலேயே பார்க்கலாம். நான் அப்பாவுக்கு அப்படித்தான் செய்திருக்கிறேன்.

இரண்டாம்மருமகள் | ஞாயிறு, இரவு 9.31

கட்டிலருகேயா? உங்கள் கட்டிலருகே ஒன்று வைத்து, அதை அப்பா போனில் போட்டுக் கொடுங்கள்.

திண்ணைக்காரன் | திங்கள், அதிகாலை 4.50

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 78 வயது. தஞ்சாவூர்ப் பக்கம், அஞ்சல் துறையில் இருந்தேன். பேரன் கற்றுக்கொடுத்து இந்த மாதிரிப் பக்கங்களைப் படிக்கிறேன். நீங்கள் எல்லோரும் எங்கள் அலமாரியைத் துழாவிக்கொண்டிருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது.

இரண்டு வருடம் முன்பு கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தேன். பலமான அடி இல்லை. நேர்மையாக மகனிடம் சொன்னேன். அந்த வாரமே வந்தான். வண்டியை விற்றான். காஸ் அடுப்பை மாடிக்கு ஏற்றினான். ஒரு ஆளைப் போட்டான். அந்தப் பையன் நல்லவன்தான். ஆனால் இட்லியைப் பிட்டு என் வாயில் வைக்க வந்தான். எனக்கு வழுக்கியது கால், கை இல்லை. 50 வருடமாக விடியற்காலையில் டிகாக்‌ஷன் இறக்கி, நானே காபி கலந்து, திண்ணையில் உட்கார்ந்து குடிப்பவன். அந்த ஒரு டம்ளர் காபியையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை. மகன் இதைப் படித்தாலும் பரவாயில்லை.

அதிலிருந்து நான் பாடம் கற்றேன். என்ன பாடம் தெரியுமா? சொல்லக் கூடாது என்பதுதான். போன ஆடியில் கண்ணாடி டம்ளர் இரண்டு கை நழுவி உடைந்தன. சில்லுகளைத் தென்னை மரத்தடியில் புதைத்தேன். கரிசல்காட்டான் தம்பி, உங்கள் அம்மா மாடிப்படிக்கு அடியில் வைத்ததும் இதே கணக்குதான்.

எங்களிடம் வந்து "உன்னால் முடிகிறதா?" என்று கேட்டால் முடிகிறது என்றுதான் சொல்வோம். வேறு என்ன சொல்வோம்? "எது சிரமமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். அதற்கு ஒன்றோ இரண்டோ பதில் வரும். அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீதியை விட்டு வையுங்கள். நான் குளிப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி நானே போய் வாங்கினேன். யாரும் சொல்லவில்லை. யாராவது சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

கேமராவைப் பற்றி அந்தச் சகோதரி சொன்னதே போதும்.

மேகக்கணினி | திங்கள், காலை 8.15

ஐயா, கட்டிலருகே இருப்பதை இன்று கழற்றிவிடுகிறேன். வாசலில் இருப்பது மட்டும் இருக்கட்டும்.

கரிசல்காட்டான் | திங்கள், காலை 8.50

திண்ணைக்காரர் ஐயாவுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. அடுத்த வாரம் விடுப்புப் போட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன். திருநெல்வேலியில் டாக்டரிடம் காட்டப் போகிறேன். சென்னைக்கு அழைத்து வந்துவிடலாமா என்றும் ஒரு யோசனை. தங்கை, வீட்டை இப்போதே எழுதி வாங்கிவிடலாம், பின்னால் கையெழுத்துச் செல்லாமல் போனால் சிக்கல் என்கிறாள்.

வெள்ளைச்சீருடை | திங்கள், மதியம் 1.30

சென்னைக்கு அழைத்துப் போவதை ஆறப் போடுங்கள். தன் வீட்டில் இருட்டிலும் சுவிட்ச் இருக்கும் இடம் கைக்குத் தெரியும். புது ஃபிளாட்டில், எட்டாவது மாடியில், கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் முதல் வாரத்திலேயே குழம்பிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் பரிசோதனைகள். சென்னைக்கு வரும்போது கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மையத்தில் ஒரு முறை காட்டுங்கள். முதியவர்களுக்கென்றே இருக்கும் மருத்துவமனை.

ஊரில் இருக்கும்வரை மாத்திரைக்கு ஒரு வழி: மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தால் பி.பி., சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். மாத்திரையைவிட, மாதம் ஒரு முறை ஒரு பெண் படியேறி வந்து அவர் முகத்தைப் பார்ப்பாள் என்பது பெரிது. வழி தெரியாமல் நின்றால் முதியோர் உதவி எண் 14567.

கறுப்புக்கோட்டு | திங்கள், இரவு 7.40

வீட்டை எழுதி வாங்கும் விஷயத்தில் ஒரு சொல். கருகிய சட்டியைப் பார்த்த அதே மாதத்தில் பத்திரம் எழுதினால், பிற்பாடு அண்ணன் தங்கைக்குள் வழக்கு என்று வந்தால் முதல் கேள்வியே "அப்போது அவருக்குச் சுயநினைவு இருந்ததா?" என்பதுதான். அப்படியே எழுதினாலும், பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, அந்த நிபந்தனையை மீறினால் எழுதிக்கொடுத்ததை ரத்து செய்யக் கேட்கலாம். இப்போது அவசரம் மருத்துவரிடம் போவதில்தான், சார்பதிவாளர் அலுவலகத்தில் இல்லை.

கரிசல்காட்டான் | 27 நாள் கழித்து, ஞாயிறு, காலை 10.05

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கேட்டவர்களுக்கு நன்றி.

ஊருக்குப் போய் இரண்டு நாள் சும்மா இருந்தேன். சட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, திண்ணைக்காரர் ஐயா சொன்னபடியே கேட்டேன்: "அம்மா, உனக்கு எது சிரமமாக இருக்கிறது?" கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பால்தான் ஐயா என்னை ஏமாற்றுகிறது" என்றாள். வைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினால் வைத்தது நினைவில் இல்லையாம். வீடே புகைந்து, இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்துவிட்டு அழுததாகச் சொன்னாள். அன்று இரவும் எட்டு மணிக்கு நான் போன் செய்திருப்பேன்.

திருநெல்வேலியில் பார்த்தோம். மாத்திரை அட்டைகளைப் பையோடு கொட்டினேன். டாக்டர் சிரித்துவிட்டு, பிறகு கோபப்பட்டார். வெள்ளைச்சீருடை அம்மா சொன்னது அப்படியே: சர்க்கரை மாத்திரை இரண்டு முறை கூட்டப்பட்டிருந்தது. சோடியம் 126, 135க்குக் கீழே இறங்கக் கூடாதாம். பி12 குறைவு. நீர் மாத்திரையை நிறுத்தி, சர்க்கரை மாத்திரையில் ஒன்றைக் குறைத்திருக்கிறார்கள். பத்து நாளில் முகம் தெளிந்துவிட்டது, நடையிலும் ஒரு நிதானம் தெரிகிறது.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் அழகாகப் போட்டாள், பன்னிரண்டு எண்களையும் வலது பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டாள். எழுதியதைப் பார்த்து அவளே, "இது சரியில்லையே" என்றாள். மூன்று மாதம் கழித்து, உடம்பு தேறிய பிறகு, திரும்பவும் சோதிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தங்கையும் அந்தத் தாளைப் பார்த்தாள். பத்திரப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இப்போதைய ஏற்பாடு: எதிர்வீட்டு அக்கா காலையில் தன் வீட்டுப் பாலோடு எங்கள் பாலையும் காய்ச்சித் தூக்குவாளியில் கொண்டுவருகிறாள். மாத்திரை, வாரப் பெட்டியில். கரண்டு பில் என் போனுக்கு வருகிறது. சமையல் அம்மாவுடையது, அடுப்பை மட்டும், நேரம் வைத்தால் தானே நின்றுவிடுகிற மின்னடுப்பாக மாற்றியிருக்கிறேன். முதல் நாள் அதைத் திட்டிக்கொண்டே இருந்தாள். கழிப்பறை வழியில் அந்த அழுக்குக் கோடும் இருந்தது, எலும்பும்தசையும். கம்பி போட்டாயிற்று.

கிளம்புகிற அன்று காலை, மூட்டையை அவளே எடுத்துக்கொண்டு வந்து கிணற்றடியில் போட்டாள். நான் முன்பே பார்த்துவிட்டேன் என்று சொல்லவில்லை. புளியும் சாம்பலும் வைத்து இருவரும் உட்கார்ந்து தேய்த்தோம். இரண்டு தேறின. அடி உப்பிய மூன்றாவதைக் கோழிக்குத் தண்ணீர் வைக்க எடுத்துக்கொண்டாள்.